ஹாலேயில் பார்த்த ஓலைகள்

ஜெர்மனியில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் தாம்பரம் திரும்ப இரண்டே நாள் பாக்கி. "கடைசியா எங்கேப்பா போகணும்?" என்று கேட்டாள். "ஹாலே" என்றேன். "அங்கே என்ன இருக்கு?" "நம்ம ஊர் ஓலைச்சுவடி இருக்கும்மா."

லைப்சிக்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். சாலே நதிக்கரையில் உள்ள பழைய பல்கலைக்கழக ஊர் ஹாலே. பல்கலைக்கழகம் 1694இல் தொடங்கியது. இசைமேதை ஹாண்டல் பிறந்ததும் இங்கேதான்; சந்தைச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை உண்டு.

நான் தேடிப் போனது பிராங்கே நிறுவனங்களை. ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர், பாதிரியாரும்கூட. உண்டியலில் விழுந்த சிறு தொகையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். அது பள்ளிகள், அச்சகம், மருந்தகம், நூலகம் என்று ஒரு சிறு நகரமாகவே வளர்ந்துவிட்டது.

ஹாலேயில் சிறிது காலம் படித்தவர் சீகன்பால்கு. டென்மார்க் அரசர் அனுப்பி 1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்து இறங்கியபோது அவருக்கு 23 வயது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்துப் பட்டியல் எழுதினார். கணவனை இழந்த பெண்களிடம் வீட்டில் கிடக்கும் சுவடிகளை விலைக்கு வாங்கிவர ஆள் அனுப்பினாராம். கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார்.

தமிழ் அச்சு 1578இலேயே கொல்லத்தில் வந்துவிட்டது. ஆனால் பிறகு அது தேய்ந்து போயிற்று. மறுபடி உயிர் கொடுத்தது ஹாலே. அங்கே வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் கப்பலில் தரங்கம்பாடி வந்தன. அந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். லத்தீனில் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. நம் புரசைவாக்கத்துப் பள்ளிக்குப் பெயர் தந்த, 1779இல் வேப்பேரியில் தமிழ் அகராதி வெளியிட்ட பெப்ரீஷியஸும் ஹாலேயில் படித்தவர்தான்.

எல்லாம் பெருமைக்குரியது என்று சொல்லமாட்டேன். நம் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713இல் எழுதி அனுப்பிய நூலை, "இதற்கா உம்மை அனுப்பினோம்" என்கிற தோரணையில் ஹாலே அச்சிட மறுத்துவிட்டது. அது அச்சேறியது 1867இல், அதுவும் நம் சென்னையில்! ஆனால் ஒன்று: பிடிக்காத அந்தக் கையெழுத்துப் பிரதியை அவர்கள் எரித்துவிடவில்லை.

அநாதை இல்லத்தின் மேல்மாடியில் அரும்பொருள் கூடம். கூரையில் ஒரு முதலை தொங்குகிறது. சுற்றிலும் வர்ணம் தீட்டிய பழைய அலமாரிகள். அதில் ஒன்றில், கண்ணாடிக்குப் பின்னால், நம் ஓலைகள். மகள் குனிந்து பார்த்து, "அப்பா, இது 'க' தானே?" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மாடம்பாக்கத்தில் எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் நாலைந்து சுவடிக்கட்டுகள் இருந்தன. மருத்துவமா, ஜோதிடமா, பாட்டா, யாருக்கும் தெரியாது. எனக்கு 9 வயதிருக்கும்போது ஒரு போகிக்கு, "பூச்சி அரிச்சுப் போச்சு, படிக்கவும் ஆளில்லை" என்று சொல்லி அப்பா அவற்றை நெருப்பில் போட்டார். ஓலை படபடவென்று நன்றாக எரிந்தது. பக்கத்தில் நின்று போகி மேளம் தட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கம். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத ஊர்க்காரர்கள் முந்நூறு ஆண்டாக ஒரு கட்டை வைத்திருக்க, வாசிக்கத் தெரிந்த எங்கள் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லையே என்ற எண்ணம் ரயிலில் திரும்பும் வழியெல்லாம் விடவில்லை.

வயதில் மூத்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் ஏதாவது கட்டு கிடந்தால் போகி வருவதற்குள் எடுத்துப் பாருங்கள். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஹாலே போகும் தூரமில்லை.