லெபனீஸ் பவுல் ஆர்டர் பண்ணுவது எப்படி? நியூயார்க் மதிய உணவுக் கடையில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மதியம் 12 மணி தாண்டினாலே அலுவலகக் கட்டடங்களுக்குக் கீழே உள்ள சாப்பாட்டுக் கடைகளில் வரிசை நீள ஆரம்பித்துவிடும். அந்த வரிசைகளில் சமீப ஆண்டுகளில் தவறாமல் இடம்பிடித்திருப்பது லெபனீஸ் கடைகள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். முன்னால் நிற்பவர் சரசரவென்று பெயர்களைச் சொல்லி நகர்ந்துவிடுவார். அடுத்து உங்கள் முறை. யோசிக்கக் கிடைப்பதோ சில நொடிகள்தான்.

அந்த அவசரத்தில் கையைக் காட்டி "அது, அது, இது" என்று வாங்கினால் என்ன ஆகும்? சுவை கெடலாம், பில் எகிறலாம். சைவம் என்று நினைத்ததில் இறைச்சிச் சாறு இருக்கலாம். எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கோ ஆபத்தாகவே முடியலாம். வரிசையில் நிற்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதை விரிவாகப் பார்க்கலாம்.

ஃபாஸ்ட் கேஷுவல் என்றால் என்ன?

பர்கர் கடை போன்ற துரித உணவகத்துக்கும், உட்கார்ந்து மெனு பார்த்துச் சாப்பிடும் உணவகத்துக்கும் நடுவில் இருப்பதுதான் ஃபாஸ்ட் கேஷுவல். இங்கே பரிமாற ஆள் கிடையாது. கவுன்டரில் நீங்களே தேர்வு செய்ய வேண்டும், கண் முன்னால் கட்டித் தருவார்கள். 1993-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கிய சிபோட்லே என்ற மெக்சிகன் உணவுக் கடை இந்த முறையைப் பிரபலமாக்கியது. அதே பாணியைத்தான் லெபனீஸ் கடைகளும் எடுத்துக்கொண்டன.

பெரும்பாலான கடைகளில் மூன்று வடிவங்கள் இருக்கும். சோறு வைத்த கிண்ணம், கீரை, காய் வைத்த சாலட், பீட்டா ரொட்டியில் சுருட்டிய ரோல். உள்ளே போகும் பொருட்கள் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

லெபனான் சாப்பாடு நியூயார்க்குக்கு எப்படி வந்தது?

இது புதிய வரவு இல்லை. 1880-களிலிருந்தே இன்றைய லெபனான், சிரியா பகுதிகளிலிருந்து வந்தவர்கள் மன்ஹாட்டனின் தென்முனையில் வாஷிங்டன் தெருவை ஒட்டிக் குடியேறினார்கள். அந்தப் பகுதிக்கு 'லிட்டில் சிரியா' என்று பெயர். வந்தவர்களில் பலர் லெபனான் மலைப்பகுதிக்காரர்கள். ஆனால் லெபனான் தனி நிலப்பரப்பாக அறிவிக்கப்பட்டது 1920-ல்தான். அதற்கு முன்பு எல்லோரையும் 'சிரியர்கள்' என்றே அழைத்தார்கள்.

1940-களில் புரூக்ளினுக்குச் செல்லும் சுரங்கப்பாதைக்காக அந்தத் தெருவின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. குடும்பங்களும் கடைகளும் ஆற்றைத் தாண்டி புரூக்ளினின் அட்லாண்டிக் அவென்யூவுக்கு நகர்ந்தன. லெபனானியக் குடும்பம் ஒன்று நடத்தும் சஹாதி மளிகைக் கடை 1948 முதல் அங்கே இருக்கிறது. மிட்டவுன் கவுன்டரில் நாம் பார்க்கும் ஹம்முஸுக்கும் ஃபலாஃபெலுக்கும் பின்னால் நூறாண்டுக்கும் மேலான இந்த வரலாறு இருக்கிறது.

ஒரே கிண்ணத்தில் ஒரு விருந்து

லெபனானில் இவை எதுவும் ஒரே கிண்ணத்தில் வருவதில்லை. 'மெஸ்ஸே' என்பார்கள். சின்னச் சின்னத் தட்டுகளில் பத்து, பதினைந்து வகைகள் மேசை நிறைய வரும். நாலு பேர் சேர்ந்து, ரொட்டியால் தொட்டுத் தொட்டு, பேசிக்கொண்டே மணிக்கணக்கில் சாப்பிடுவது அது. அந்த மேசையைத்தான் அலுவலக இடைவேளைக்காக ஒருவருக்கான கிண்ணமாகச் சுருக்கியிருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் ஆர்டர் பண்ணுவது சுலபம். தனித்தனியாகச் சாப்பிட வேண்டிய பத்து வகைகளை ஒன்றாகக் கொட்டினால் எல்லாமே ஒரே ருசியாகிவிடும். அதனால் கொழுப்பானது ஒன்று, புளிப்பானது ஒன்று, மொறுமொறுப்பானது ஒன்று என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஒவ்வொன்றும் என்ன என்று பார்க்கலாம்.

அடியில் என்ன?

சோறு கேட்டால் பல கடைகளில் சேமியா கலந்த அரிசி வரும். சேமியாவை வெண்ணெயிலோ எண்ணெயிலோ பொன்னிறமாக வறுத்து, அரிசியோடு சேர்த்து வேகவைப்பது லெபனீஸ் வழக்கம்.

'முஜத்தரா' இருந்தால் தயங்காமல் கேட்கலாம். தோல் நீக்காத மசூர் பருப்பும் அரிசியும் சேர்த்து வேகவைத்து, கருகும் அளவுக்கு வதக்கிய வெங்காயத்தை மேலே போட்டது. சைவர்களுக்கு வயிறு நிறையும் சாப்பாடு இது.

ஷவர்மா, தாவூக், காஃப்தா, ஃபலாஃபெல்

ஷவர்மா நமக்குத் தெரிந்ததுதான். சுழலும் கம்பியில் அடுக்கிய இறைச்சியைச் சீவித் தருவது. 'சுழற்றுதல்' என்ற பொருள் கொண்ட துருக்கிச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

ஷிஷ் தாவூக் என்பது தயிர், பூண்டு, எலுமிச்சையில் ஊறிய கோழித் துண்டுகளைக் கம்பியில் குத்திச் சுட்டது. காஃப்தா என்பது கொத்திய இறைச்சியில் பார்ஸ்லி இலையும் வெங்காயமும் சேர்த்துச் சுடுவது. சீக் கபாப்பின் உறவுக்காரன் என்று சொல்லலாம். அமெரிக்கக் கடைகளில் இது பெரும்பாலும் மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி. எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஃபலாஃபெல் கிட்டத்தட்ட நம்ம ஊர் மசால்வடைதான். கொண்டைக்கடலையை வேகவைக்காமல், ஊறவைத்து மட்டும் அரைத்து, கொத்தமல்லி, பார்ஸ்லி, பூண்டு, சீரகம் சேர்த்துப் பொரிப்பார்கள். எகிப்தில் ஃபாவா பீன்ஸில் செய்வார்கள். லெபனானில் இரண்டையும் கலப்பதும் உண்டு. வடை மாதிரியே இதுவும் சூடாக இருக்கும்போதுதான் நன்றாக இருக்கும். பொரித்து ரொம்ப நேரமாகிவிட்டது போலத் தெரிந்தால், "புதுசா போடுறீங்களா?" என்று கேட்பதில் தவறில்லை.

ஹம்முஸுக்கு ஒரு போட்டியே நடந்தது!

'ஹம்முஸ்' என்ற அரபுச் சொல்லுக்குக் கொண்டைக்கடலை என்பதே பொருள். வேகவைத்த கடலை, தஹினி எனும் எள் விழுது, எலுமிச்சை, பூண்டு. அவ்வளவுதான்.

ஆனால் இது யாருடைய உணவு என்பதில் லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் பெரிய போட்டி நடந்தது. 2010 ஜனவரியில் இஸ்ரேலின் அபு கோஷ் ஊரில் 4 டன்னுக்கு மேல் ஹம்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் லெபனான் சமையல்காரர்கள் 10,452 கிலோ செய்து முறியடித்தார்கள். ஏன் அந்த எண்? லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர்!

பாபா கனூஷ் என்பது சுட்ட கத்தரிக்காய் மசியல். லெபனானில் எள் விழுது சேர்த்ததை 'முதப்பல்' என்பார்கள். அமெரிக்கக் கடைகளில் பாபா கனூஷ் என்று எழுதியிருந்தாலும் அதில் எள் இருக்கவே வாய்ப்பு அதிகம். லப்னே என்பது தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்தெடுத்த கெட்டித் தயிர்.

இவை மூன்றுமே கொழகொழப்பானவை. அதனால் ஒன்று போதும்.

புளிப்பும் மொறுமொறுப்பும்

தப்பூலே சாலட்டில் முக்கியப் பொருள் பார்ஸ்லி இலைதான். உடைத்த கோதுமை கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். ஃபத்தூஷில் வறுத்த பீட்டா ரொட்டித் துண்டுகள் இருக்கும். மேலே தூவும் சிவப்புப் பொடி சுமாக். ஒரு வகைப் புதர்ச்செடியின் பழத்தை உலர்த்திப் பொடித்தது, நன்றாகப் புளிக்கும். இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பது டர்னிப் ஊறுகாய். அந்த நிறம் பீட்ரூட்டிலிருந்து வருவது.

அலுவலக மேசைக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடுவதாக இருந்தால் சாஸைத் தனியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் ரொட்டித் துண்டுகள் ஊறி நமத்துவிடும்.

வெள்ளை சாஸ் மயோனைஸா?

இந்தச் சந்தேகம் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு வருவது இயல்பு. நம்ம ஊரில் ஷவர்மா என்றாலே மயோனைஸ்தான். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது சிறுமி உயிரிழந்தது பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடையும் விதித்தது. பச்சை முட்டை வழியாகச் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பரவலாம் என்பதே காரணம்.

லெபனான் வழக்கப்படி கோழி ஷவர்மாவுக்குச் சேர்ப்பது 'தூம்'. அரபியில் தூம் என்றால் பூண்டு. பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய் நான்கையும் அடித்தெடுத்தால் மயோனைஸ் போலவே வெள்ளையாகத் திரண்டு வரும். பாரம்பரிய முறையில் முட்டையே கிடையாது. ஆனால் சில சமையலறைகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதும் உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுவிடுவது நல்லது. பச்சைப் பூண்டு என்பதால் வாடை தூக்கலாக இருக்கும். மதியம் மீட்டிங் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்!

சைவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

லெபனீஸ் உணவில் சைவ வகைகள் நிறையவே உண்டு. இருந்தாலும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

அரிசி: சிக்கன் வேகவைத்த சாறில் சமைத்ததா?

ஃபலாஃபெல்: இறைச்சி பொரிக்கும் அதே எண்ணெயில் பொரித்ததா?

திராட்சை இலைச் சுருள்: உள்ளே வெறும் அரிசியா, இறைச்சியும் உண்டா?

அதேபோல, லெபனீஸ் கடை என்றாலே ஹலால் என்று அர்த்தமில்லை. லெபனானில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வாழ்கிறார்கள். ஹலால் வேண்டும் என்றால் கடையில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எள் ஒவ்வாமை: ஏன் இவ்வளவு முக்கியம்?

அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் 9-வது முக்கிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்க்கப்பட்டுள்ளது. பாக்கெட் உணவுகளின் லேபிளில் அதைக் குறிப்பிடுவது கட்டாயம். ஆனால் கவுன்டரில் கண் முன் கட்டித் தரும் கிண்ணத்தில் அப்படி ஒரு லேபிள் இருக்காது. ஹம்முஸ், பாபா கனூஷ், தஹினி சாஸ், சில ரொட்டிகள் என்று எள் எங்கும் இருக்கும். ஒரே கரண்டி பல பாத்திரங்களுக்குப் போவதும் நடக்கும்.

எனவே ஒவ்வாமை உள்ளவர்கள் வரிசையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கையுறையையும் கரண்டியையும் மாற்றச் சொல்லலாம். ஒவ்வாமை கடுமையானது என்றால் இந்த வகைக் கடையைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. கோதுமை ஒவ்வாதவர்கள் பீட்டா, தப்பூலே, ஃபத்தூஷ் மட்டுமல்ல, சேமியா சோற்றையும் தவிர்க்க வேண்டும்.

கடை சுத்தமானதா? வாசலிலேயே தெரியும்

நியூயார்க்கில் 2010 முதல் உணவகங்கள் தங்கள் சுகாதார கிரேடை வாசலில் ஒட்ட வேண்டும். ஆய்வில் கண்டுபிடிக்கப்படும் குறைகளுக்குப் புள்ளிகள் போடுவார்கள். 13 வரை என்றால் ஏ, 14 முதல் 27 வரை பி, 28 அல்லது அதற்கு மேல் சி. புள்ளி குறைவாக இருந்தால்தான் நல்லது.

உள்ளே போனதும் இறைச்சிப் பாத்திரத்தைப் பாருங்கள். சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கம்பியிலிருந்து சீவினால், நன்றாக வெந்து சிவந்த வெளிப்பகுதி மட்டுமே வர வேண்டும். உள்ளே பச்சையாகத் தெரிந்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பில் ஏன் கூடுகிறது?

மெனுவில் உள்ள விலையில் வரி சேராது. நியூயார்க் நகரில் விற்பனை வரி 8.875%. உதாரணத்துக்கு ஒரு கிண்ணம் 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரியோடு 16.33 டாலர். கார்டு தேய்த்ததும் திரையில் டிப்ஸ் கேட்கும். 18% அழுத்தினால் மொத்தம் 19 டாலரைத் தாண்டிவிடும். கவுன்டர் கடையில் டிப்ஸ் கட்டாயம் இல்லை, விருப்பம்தான். கூடுதல் ஹம்முஸ், கூடுதல் இறைச்சிக்குத் தனிக் காசு வாங்கும் கடைகள் உண்டு. "எக்ஸ்ட்ரா சார்ஜ் உண்டா?" என்று முதலிலேயே கேளுங்கள்.

கையில் கார்டு இல்லையா? கவலை வேண்டாம். 2020 நவம்பர் முதல் நியூயார்க் நகரக் கடைகள் ரொக்கப் பணத்தை மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்

* வாசலில் கிரேடு அட்டையைப் பாருங்கள்.
* ஒவ்வாமை, சைவம், ஹலால் பற்றி முதலிலேயே சொல்லுங்கள்.
* கொழுப்பு, புளிப்பு, மொறுமொறுப்பு தலா ஒன்று எடுங்கள்.
* சாஸைத் தனியாக வாங்குங்கள்.
* விலையோடு வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கூட வேலை பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து போனால், ஆளுக்கொரு கிண்ணம் வாங்குவதற்குப் பதிலாக ஹம்முஸ், முஜத்தரா, ஃபலாஃபெல், ஃபத்தூஷ் என்று தனித்தனியாக வாங்கிப் பகிர்ந்தும் சாப்பிடலாம். லெபனான்காரர்கள் வீட்டில் சாப்பிடுவது அப்படித்தான்.