மட்டக்களப்புக் கடலடியில் ஒரு போர்ச்சின்னம்

மட்டக்களப்பு வரலாறு ஒல்லாந்தர் கோட்டையோடு முடிவதன்று. வாவி முகத்துவாரத்துக்கு அப்பால், ஏறத்தாழ ஐம்பது மீற்றர் ஆழத்தில், ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் சரிந்து கிடக்கின்றது. சுழியோடிகள் அதன் பீரங்கிகளை இன்றும் காண்கின்றனர்.

திருகோணமலைத் துறைமுகம் தாக்கப்படும் என்றஞ்சியே 1942 ஏப்ரல் 8 ஆம் திகதி இரவு அக்கப்பலைத் தெற்கே அனுப்பினர். மறுநாள் முற்பகல், திரும்பும் வழியில், யப்பானிய விமானங்கள் அதனைச் சூழ்ந்தன. ஏறத்தாழ நாற்பது குண்டுகள் வீழ்ந்தன. சில நிமிடங்களிலேயே கப்பல் அமிழ்ந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விந்தை யாதெனில், விமானந்தாங்கியில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. யாவும் கரையில் விடப்பட்டிருந்தன. காவலுக்கு அழைக்கப்பட்ட விமானங்களும் காலத்தில் வந்து சேரவில்லை. காப்பதற்கென அனுப்பியதே கப்பலின் அழிவுக்கு வழியாயிற்று.

கடலில் தத்தளித்தோருள் ஏறத்தாழ அறுநூறு பேரை ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டு சென்றது.