நியமனமும் மேலவையும்: புதுக்கோட்டைப் பின்னணியில் சென்னைச் சட்டமன்ற மேலவை வரலாறு

முன்னுரை

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிய நூல்களிலும் ஆய்வேடுகளிலும் அவர் 1926இல் ‘சென்னைச் சட்ட மேலவை’ உறுப்பினராக நியமிக்கப்பட்டார் என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் பிழை தெரியாது. ஆங்கில ஆவணங்கள் அந்த அவையை ‘லெஜிஸ்லேடிவ் கவுன்சில்’ என்கின்றன; பின்னாளில் மேலவைக்கும் அதுவே பெயர். ஆனால் 1926இல் சென்னை மாகாணத்தில் மேலவை என ஒன்று இல்லை, கீழவையும் இல்லை. இருந்தது ஓர் அவை மட்டுமே. பெயரொற்றுமையால் விளைந்த இம்மயக்கத்தை நீக்குவதும், அதன் வழியே மேலவையின் உறுப்பாக்க முறையை, குறிப்பாக நியமனம் என்னும் வாயிலை, புதுக்கோட்டையை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பெயர், இரண்டு அவைகள்

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தால் உருவான சென்னைச் சட்டசபை 1921 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆளுநரின் நிர்வாகக் குழுவினர் நீங்கலாக அதில் 127 உறுப்பினர். அவர்களுள் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எஞ்சியோர் நியமனம் பெற்றவர்கள். சட்டமியற்றல், வரவுசெலவு விவாதம், கேள்வி நேரம் அனைத்தும் இந்த ஓரவைக்குள்ளேயே நடந்தன. ஆகவே நியமன உறுப்பினரும் தேர்தலில் வென்றவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே தீர்மானத்தின்மீது வாக்களித்தனர்.

1935ஆம் ஆண்டின் சட்டம் இந்நிலையை மாற்றியது. சென்னை மாகாணத்துக்கு ஈரவைகள் வந்தன. 215 உறுப்பினர் கொண்ட புதிய கீழவைக்கு ‘அசெம்பிளி’ என்னும் பெயர் அமைந்தது. பழைய ‘கவுன்சில்’ என்னும் பெயர் மேலவைக்குச் சென்றது. 1937இல் கூடிய அம்மேலவையின் உறுப்பினர் எண்ணிக்கை 54க்குக் குறையாமலும் 56ஐ மிகாமலும் இருக்க வேண்டும். பொதுத் தொகுதிகள் 35, முஸ்லிம் தொகுதிகள் 7, இந்தியக் கிறித்தவர் 3, ஐரோப்பியர் 1, ஆளுநர் நியமனம் 8 முதல் 10 வரை என்பது அதன் பகுப்பு. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்மேலவையின் பெரும்பான்மை உறுப்பினரை வாக்காளர்கள் நேரடியாகவே தேர்ந்தெடுத்தனர். ஆனால் அந்த வாக்குரிமை உயர்ந்த சொத்துத் தகுதியும் பதவித் தகுதியும் உடைய சிறு கூட்டத்தாருக்கே உரியது. இன்று நாம் அறிந்த மறைமுகத் தேர்தல் முறை 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பால் வந்ததாகும்.

எனவே 1921 முதல் 1937 வரையிலான அவையைத் தமிழில் ‘சட்டசபை’ என்றும், 1937க்குப் பிற்பட்டதை ‘மேலவை’ என்றும் வழங்குவதே பொருந்தும். இது வெறும் சொற்பூசல் அன்று. முத்துலட்சுமி மேலவையில் பேசினார் என்று கொண்டால், அவர் கொண்டுவந்த தீர்மானங்களைக் கீழவை என்ன செய்தது என்ற பொருந்தாத வினா எழும்.

சமஸ்தானத்துக்குள் ஓர் அவை, வெளியே இருவர்

புதுக்கோட்டை அக்காலத்தில் தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். சென்னை மாகாணத் தேர்தல்களில் அதற்குத் தொகுதி இல்லை. சமஸ்தானத்துக்குள் 1902இல் பிரதிநிதித்துவ சபை ஒன்றும், 1924இல் சட்டசபை ஒன்றும் ஏற்பட்டன. இரண்டாவது அவையும் ஓரவையே; மன்னரின் இறுதி அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே 1937இல் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சொத்துத் தகுதி பெற்ற ஒருவர் மேலவைத் தேர்தலில் வாக்களித்தபோது, இடையில் இருந்த புதுக்கோட்டைக் குடிமகன் அந்த அமைப்புக்கு வெளியே நின்றான்.

ஆயினும் சமஸ்தானத்து மண்ணில் பிறந்த இருவர் 1920களின் சென்னைச் சட்டசபையில் எதிரெதிரே அமர்ந்தனர். திருமயத்தில் 1887இல் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி தேர்தல் வழியே வந்தவர். முத்துலட்சுமி நியமன வழியே வந்தவர். இவ்வேறுபாடு தற்செயலானது அன்று. பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபை 1921இல் நிறைவேற்றியிருந்தாலும், அவையில் அமரும் தகுதி 1926இல்தான் கைகூடியது. அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா தோல்வியுற்றார். வாக்குப் பெட்டி திறந்துவிடாத கதவை நியமனம் திறந்தது. இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையின் பின்னணியில் நியமிக்கப்பட்ட முத்துலட்சுமி, பிரிட்டிஷ் இந்தியாவின் முதற்பெண் சட்டமன்ற உறுப்பினரானார். அவையின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தேவதாசி முறையில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கக் கோரி 1927 நவம்பரில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை அவை ஏற்றது. 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் திருத்தம் செய்யப்பட்டு, மானிய நிலம் பெற்றிருந்த தேவதாசியர் கோயிற்பணிக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். இம்முயற்சிகளுக்கு எதிராகப் பேசியவர்களுள் சத்தியமூர்த்தியும் ஒருவர் என்பது பதிவாகியுள்ளது. அவருக்கு முத்துலட்சுமி கொடுத்ததாக மேடைகளில் வழங்கும் மறுமொழி ஒன்று உண்டு. அதை அவை நடவடிக்கைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஆய்வேட்டில் மேற்கோளாக எடுத்தாள்வது முறையன்று. காந்தியடிகள் 1930இல் கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார். பொட்டுக்கட்டுதலை முழுதும் தடுக்கும் சட்டம் அவருடைய உறுப்பினர் காலத்தில் நிறைவேறவில்லை.

அது நிறைவேறியது 1947இல், அவ்வாண்டின் 31ஆம் சட்டமாக. அதாவது ஓரவையில் தொடங்கிய முயற்சி, இரண்டு அவைகள் கொண்ட சட்டமன்றத்தில் முடிவுற்றது. அச்சட்டம் இயற்றப்பட்டபோது புதுக்கோட்டை சென்னை மாகாணத்தின் பகுதி அன்று. சமஸ்தானம் இணைந்தது 1948 மார்ச் 3ஆம் நாள். எனவே தன் வாழ்நாள் முயற்சியின் விளைவான சட்டம், அவர் பிறந்த ஊருக்குத் தன்னியல்பாகப் பொருந்தவில்லை. இணைந்த சமஸ்தானங்களின் பகுதிகளுக்கு மாகாணச் சட்டங்களை ஒருங்கே விரிவாக்க 1949இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. முத்துலட்சுமியின் வாழ்க்கை வரலாறுகள் இவ்விடத்தைக் கவனியாமல் கடந்துவிடுகின்றன.

அரசியலமைப்பு வகுத்த மேலவை

இணைப்புக்குப் பின் புதுக்கோட்டை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு கோட்டமாயிற்று. 1974 ஜனவரி 14 வரை அந்நிலை நீடித்தது. சமஸ்தானத்தின் சொந்தச் சட்டசபை மறைந்தது. ஈடாகக் கிடைத்தவை, வயதுவந்தோர் அனைவரும் வாக்களிக்கும் சட்டப்பேரவைத் தொகுதிகளும், மேலவைக்கான மறைமுக வாயில்களும் ஆகும்.

அரசியலமைப்பின் 171ஆம் உறுப்பின்படி மேலவை உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினரும், மற்றொரு மூன்றில் ஒரு பங்கினரைச் சட்டப்பேரவை உறுப்பினரும் தேர்ந்தெடுப்பர். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு. பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. எஞ்சியோரை ஆளுநர் நியமிப்பார். பட்டம் பெற்று மூன்றாண்டு கடந்திருத்தலும், உயர்நிலைப் பள்ளித் தரத்துக்குக் குறையாத நிறுவனத்தில் மூன்றாண்டு கற்பித்திருத்தலும் தகுதிகள். தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இவ்வாக்கு இல்லை. புதுக்கோட்டை போன்ற ஒரு வட்டாரத்தில் இதன் பொருள் தெளிவானது: கிராமத்தில் மிகுதியாக இருந்த ஆசிரியர் வெளியே, நகரத்துக் கல்லூரி, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் உள்ளே. நகராட்சி உறுப்பினருக்கோ மேலவைத் தேர்தலில் தனி மதிப்பு கிடைத்தது. தேர்தல் ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடந்தமையால், சிறு எண்ணிக்கையினரான உள்ளாட்சி உறுப்பினரின் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களுக்கும் விலை இருந்தது.

சென்னை மேலவையில் 1952இல் 72 உறுப்பினர் இருந்தனர். 1953இல் ஆந்திரம் பிரிந்தபின் எண்ணிக்கை குறைந்து, 1957ஆம் ஆண்டின் சட்டத்துக்குப்பின் 63 ஆயிற்று: உள்ளாட்சி 21, சட்டப்பேரவை 21, பட்டதாரிகள் 6, ஆசிரியர்கள் 6, நியமனம் 9. மேலவை கலைக்கப்படாத அவை. உறுப்பினர் பதவிக்காலம் ஆறாண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர்.

அதிகாரத்தில் அது மெலிந்தது. நிதி மசோதாவை 14 நாள் வைத்திருக்கலாம், பரிந்துரை செய்யலாம், அதற்கு மேல் இல்லை. பிற மசோதாக்களை முதல்முறை மூன்று மாதமும் இரண்டாம் முறை ஒரு மாதமும் தாமதப்படுத்தலாம். நாடாளுமன்றத்தில் உள்ளதுபோன்ற கூட்டுக்கூட்டம் மாநிலத்தில் இல்லை. மாநிலங்களவை உறுப்பினரையும் குடியரசுத் தலைவரையும் தேர்ந்தெடுப்பதில் மேலவை உறுப்பினருக்கு வாக்கும் இல்லை. ஆகவே மேலவையின் அரசியல் முக்கியத்துவம் சட்டம் நிறுத்துவதில் இல்லை. யாரை அவைக்குள் கொண்டுவரலாம் என்பதிலேயே அது அமைந்தது.

நியமனத்தின் இரண்டு முகங்கள்

நியமனத்துக்குரிய துறைகளாக இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகப் பணி ஆகியவற்றை அரசியலமைப்பு குறிப்பிடுகிறது. மாநிலங்களவைக்கான பட்டியலில் கூட்டுறவு இயக்கம் இல்லை என்பது ஒப்பிடத்தக்கது. 1926இல் முத்துலட்சுமி பெற்ற நியமனத்தை இப்பட்டியலோடு வைத்துப் பார்த்தால், ‘சமூகப் பணி’ என்பதற்கு அவரைவிடத் தக்க எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆனால் குடியரசின் முதல் பொதுத்தேர்தல் முடிந்த உடனேயே இவ்வாயில் வேறு பயன் பெற்றது. 1952இல் சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்கு அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. தேர்தலில் நில்லாத இராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். அமைச்சரவை அமையும் முன்னரே, யாருடைய அறிவுரையின் பேரில் ஆளுநர் நியமித்தார் என்பது நியாயமான வினா. பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பி. இராமமூர்த்தி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார், மனு தள்ளுபடியாயிற்று. இராஜாஜியின் இலக்கியத் தகுதியையோ பொதுப்பணியையோ எவரும் மறுக்கவியலாது. எனினும் அவர் நியமிக்கப்பட்டது அத்தகுதிக்காக அன்று என்பதும் அன்றே அனைவரும் அறிந்தது.

1967இல் நாடாளுமன்றத்துக்குத் தென்சென்னையிலிருந்து வென்றிருந்த அண்ணா, முதலமைச்சரானபின் மேலவை வழியே சட்டமன்றத்துக்கு வந்தார். எதிரெதிர்க் கட்சியினராயினும் இருவருக்கும் மேலவை ஒரே வசதியைச் செய்து தந்தது. 1984 பொதுத்தேர்தலில் போட்டியிடாத மு. கருணாநிதியும் அப்போது மேலவை உறுப்பினராக இருந்தார்.

மேலவையின் முடிவுக்கும் நியமனமே உடனடிக் காரணமாயிற்று. 1986இல் திரைக்கலைஞர் ஒருவர் நியமன உறுப்பினராக முன்மொழியப்பட்டார். கடன் தீர்க்க இயலாதவர் எனத் தீர்ப்பாகி, அதிலிருந்து விடுபடாதவர் உறுப்பினராகத் தகுதியற்றவர் என்பது 191ஆம் உறுப்பின் விதி, அவ்விதியைக் காட்டி எதிர்ப்பு எழுந்தது, நியமனம் நடைபெறவில்லை. எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு மே 14ஆம் நாள் மேலவை ஒழிப்புத் தீர்மானத்தைச் சட்டப்பேரவையில் நிறைவேற்றியது. நாடாளுமன்றம் சட்டமியற்ற, நவம்பர் 1 முதல் மேலவை இல்லாதாயிற்று. ம.பொ. சிவஞானம் அதன் கடைசித் தலைவர். ஒரு நியமனச் சிக்கல் மட்டுமே ஓர் அவையை ஒழித்தது என்று கொள்வது எளிய விளக்கம். உள்ளாட்சித் தேர்தல்களில் தி.மு.க. அவ்வாண்டு பெற்ற வெற்றி, வருங்கால மேலவையின் கட்சி அமைப்பை மாற்றக்கூடியதாக இருந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். உள்ளாட்சி வாயில் வெறும் அலங்காரமன்று என்பதற்கு இதுவே சான்று.

இங்கு 169ஆம் உறுப்பின் அமைப்பு கருதத்தக்கது. மேலவையை உண்டாக்கவோ ஒழிக்கவோ சட்டப்பேரவையின் மொத்த உறுப்பினருள் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கும் வேண்டும். பிறகு நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டம் போதும். தன் ஒழிப்பைப் பற்றி மேலவையின் இசைவு தேவையில்லை. 1989, 1996, 2010 ஆகிய ஆண்டுகளில் தி.மு.க. அரசுகள் மேலவையை மீட்கத் தீர்மானித்ததும், 1991, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் அ.தி.மு.க. அரசுகள் அவற்றைத் திரும்பப் பெற்றதும் இவ்வமைப்பு இடமளித்த ஊசலாட்டமே. 2010 மே மாதத்தில் நாடாளுமன்றம் 78 உறுப்பினர் கொண்ட தமிழ்நாடு மேலவைக்குச் சட்டமே இயற்றிவிட்டது. உள்ளாட்சி உறுப்பினருக்குரிய 26 இடங்களுக்கான தேர்தலில், தனி மாவட்டமாகிவிட்ட புதுக்கோட்டையின் நகராட்சி, ஊராட்சி ஒன்றிய உறுப்பினர்களும் வாக்களித்திருப்பர். அத்தேர்தல் நடக்கவில்லை.