நிரம்பாத படகும் நிரம்பிய படகும்

கடற்போரில் வென்றோரை வரலாறு மறப்பதில்லை. கடலிலிருந்து மனிதரை மீட்டோரை அது அந்த அளவு நினைப்பதில்லை. இவ்விரு பணிகளையும் ஆற்றிய ஆங்கிலேயர் ஒருவரை ஈண்டு நாம் காண்போம். அவர் பெயர் சார்லஸ் லைட்டோலர்.

1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரி அவர். பெண்டிரையும் குழந்தைகளையும் ஏற்றுக என்ற கட்டளைக்கு, ஆடவர்க்கு இடமே இல்லை என அவர் பொருள் கொண்டார். ஆட்களை நிரப்பி இறக்கினால் படகைத் தாங்கும் கருவிகள் முறியலாம் என்றும் அஞ்சினார். ஆதலின், 65 பேர் அமரத்தக்க படகொன்று பாதியும் நிரம்பாமல் இறங்கிற்று. அவ்விரவில் மாண்டோர் ஏறத்தாழ 1,500 பேர். லைட்டோலரோ கவிழ்ந்த படகொன்றின் மீது நின்று உயிர் தப்பினார். உடன் நின்றோரை அலைக்கேற்ப இருபுறமும் சாயச் செய்து, அப்படகை விடியும்வரை மூழ்காமல் காத்தவரும் அவரே.

முதல் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றினார். 1916இல் ஜெர்மானிய ஆகாயக் கப்பலொன்றை எதிர்த்துப் போரிட்டமைக்காக வீரப்பதக்கம் பெற்றார். 1918 ஜூலையில் 'கேரி' என்னும் நாசகாரிக் கப்பலின் தலைவராக, யூபி 110 என்ற நீர்மூழ்கிக் கப்பலை மோதி மூழ்கடித்து மீண்டும் பதக்கம் பெற்றார். நீரில் தத்தளித்த தம் மாலுமிகள் சுடப்பட்டனர் என்று அந்நீர்மூழ்கியின் தலைவர் பின்னாளில் குற்றம் சாட்டினார். புகழை எழுதும் நாம் இதனை மறைத்தல் தகாது.

1940 மே இறுதியில், பிரான்சின் டன்கர்க் கரையில் நேசநாட்டுப் படைகள் முற்றுகையில் சிக்கின. லைட்டோலரின் 'சன்டௌனர்' என்னும் சிறு படகைக் கடற்படையினர் கேட்டனர். படகைத் தாமே செலுத்துவதாக அவர் கூறிவிட்டார். அப்போது அவருக்கு வயது 66. விமானியாயிருந்த இளைய மகனைப் போரின் தொடக்க நாள்களிலேயே இழந்திருந்தார். ஜூன் 1ஆம் நாள் மூத்த மகனையும் ஓர் இளைஞரையும் உடன்கொண்டு கால்வாயைக் கடந்தார். விமானங்கள் தாக்கும் முறையைப் பற்றி இறந்த மகன் முன்னர்ச் சொல்லியிருந்தவை, குண்டுமாரியிலிருந்து படகை விலக்க அன்று துணைசெய்தன. இருபத்தொருவருக்கு மேல் ஏற்றியிராத அப்படகில், கீழறைகளை நிரப்பி, மேல்தளத்தையும் நிரப்பி, படகு தள்ளாடத் தொடங்கும்வரை ஏற்றினார். ஏறத்தாழ 130 பேர் கரை சேர்ந்தனர்.

1912இல் வெறுமையாய்ப் போன இடங்களை இம்மனிதர்கள் ஈடுசெய்துவிட்டனர் என நாம் கூறோம். ஓர் உயிருக்கு மற்றோர் உயிர் ஈடாவதில்லை. எனினும், ஒருவரின் பிழையோடு அவர் கணக்கை முடித்துவிடுவதும் நீதியன்று. 1952இல் மறைந்த அவர் வாழ்வில் அவ்விரு படகுகளையும் சேர்த்தே நாம் பார்த்தல் வேண்டும்.