வெற்றறை

1975 செப்டம்பர் 5ஆம் நாள் காலை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு சாக்ரமெண்டோ நகரில் தாம் தங்கியிருந்த விடுதியிலிருந்து மாநிலச் சட்டமன்ற மாளிகையை நோக்கிப் பூங்காவினூடே நடந்து சென்றார். வழியில் நின்ற கூட்டத்தாரோடு கைகுலுக்கிக்கொண்டே சென்றவர், சிவப்பு அங்கி அணிந்த ஒரு பெண் தம்மை நோக்கிக் கை நீட்டுவதைக் கண்டார். அக்கையில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. பாதுகாவலர் லாரி பியூண்டார்ஃப் பாய்ந்து அதைப் பற்றினார். வெடிக்கவில்லையே என்று அப்பெண் கூவியதை அருகிலிருந்தோர் கேட்டனர். அவர் பெயர் லினெட் ஃப்ரோம். வயது 26. கொலைக்குற்றவாளி சார்லஸ் மேன்சனின் அடியார்களுள் ஒருவர்.

துப்பாக்கியைச் சோதித்தபோது மேகசினில் நான்கு தோட்டாக்கள் இருந்தன. குழலின் பின்முனையிலுள்ள சேம்பர் எனும் தோட்டா அறையில் ஒன்றுகூட இல்லை. ஒரு குடியரசுத் தலைவரின் உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது, சுண்டுவிரல் நுனியும் முழுதாய் நுழையாத அந்த வெற்றிடம்தான்.

இவ்வகைத் துப்பாக்கியை நாம் பேச்சு வழக்கில் 'ஆட்டோமேடிக்' என்கிறோம். உண்மையில் அது அரைத் தானியங்கியே. ஒரு தோட்டா வெடித்ததும் அவ்விசையே மேலுள்ள எஃகு உறையைப் பின்தள்ளி, வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, சுத்தியலை நிமிர்த்துகிறது. உறை முன்னேகும்போது மேகசினின் அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளுகிறது. இரண்டாவது, மூன்றாவது தோட்டாக்களுக்கு மனிதன் விசையை இழுப்பதன்றி வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் முதல் தோட்டாவை உள்ளே செலுத்த முன்பு வெடித்த தோட்டா எதுவுமில்லையே! அந்த முதல் சுழற்சியை மனிதக்கைதான் உறையைப் பின்னிழுத்து விட்டு நிகழ்த்த வேண்டும். நிரம்பிய மேகசின் கைப்பிடிக்குள் ஏறிவிட்டதாலேயே துப்பாக்கி ஆயத்தமாகிவிட்டதென எண்ணுவது, இயந்திரத்தின் பாதியை மட்டும் அறிந்தவரின் பிழை.

வெடிக்காத துப்பாக்கியைக் கையில் எடுக்கும் வல்லுநர் பல ஐயங்களை வரிசையாக எழுப்புவார். தோட்டாவின் மருந்து கெட்டதா? மேகசினின் சுருள்வில் தளர்ந்ததா? வெற்றுக்கூடு வெளியேறாமல் இடையில் சிக்கிற்றா? பாதுகாப்புப் பூட்டு விடுவிக்கப்படவில்லையா? வெற்றறையோ துப்பாக்கியின் பழுதே அன்று. பிடித்த கையைப் பற்றியது.

ஃப்ரோம் ஏந்தியது ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் 1911. அமெரிக்க இராணுவத்தின் தேர்வுச் சோதனையில் 6000 முறை சுடப்பட்டும் ஒருமுறைகூடத் தடைபடாது நின்ற பெருமை அவ்வடிவத்துக்கு உண்டு. அதன் பயனாகவே 1911 மார்ச் இறுதியில் இராணுவம் அதை ஏற்றது. அதற்கு மூன்று மாதங்களுக்குள், ஜூன் 17 அன்று, நம் மணியாச்சி இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டதும் ஒரு பிரௌனிங் தானியங்கித் துப்பாக்கியால்தான். அது பெல்ஜியத்தில் செய்யப்பட்டது. பயணத்தின் இடையில் நின்றிருந்த இரயில்பெட்டிக்குள் சில நொடிகளில் நடந்து முடிந்த செயல் அது. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் வாஞ்சி துப்பாக்கிப் பயிற்சி பெற்றார் என்பர். செயலின் நன்மை தீமைகளை இங்கு நாம் ஆராயவில்லை. அக்கை இயந்திரத்தின் மறுபாதியையும் அறிந்திருந்தது என்பதே நாம் கருதுவது.

ஃப்ரோமின் கையோ? இங்குதான் வரலாறு இரண்டாகப் பிளக்கிறது. சேம்பரில் தோட்டா இல்லாதபோது கொல்லும் எண்ணம் ஏது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. மேகசினில் நான்கு தோட்டாக்களை நிரப்பியவருக்கு வேறென்ன எண்ணம் இருந்திருக்கும் என்பதே வழக்கின் மறுபக்கம். நடுவர் குழு அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. ஆயுள் தண்டனை கிடைத்தது. 1980இல் ஒரு நாளிதழுக்கு அளித்த பேட்டியில், அன்று காலை வீட்டை விட்டுப் புறப்படுமுன் சேம்பரிலிருந்த தோட்டாவைத் தாமே வேண்டுமென்று வெளியேற்றியதாக அவர் கூறினார். அவர் வீட்டுக் குளியலறையில் ஒரு தோட்டா கண்டெடுக்கப்பட்டிருந்தது. இதை மெய்யென்று கொண்டால், மறுபாதியை நன்கறிந்த கை அது; சுடாதிருக்கவே அவ்வறிவைப் பயன்படுத்திய கை. பொய்யென்று கொண்டால் வெறும் அறியாமை. துப்பாக்கியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

பதினேழு நாட்கள் கழிந்து, செப்டம்பர் 22 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவில் சாரா ஜேன் மூர் என்பவர் அதே ஃபோர்டைச் சுட்டார். அவர் கையிலிருந்தது அன்று காலைதான் வாங்கிய ரிவால்வர். ரிவால்வரில் உருளையின் ஒவ்வோர் அறையும் சேம்பரே. விசையை இழுத்தால் போதும், முன்னேற்பாடு வேண்டாம். வெடித்தது. குறி தவறியது. மறுமுறை சுடுமுன் கூட்டத்தில் நின்ற ஆலிவர் சிப்பிள் அவர் கையைத் தட்டிவிட்டார். இம்முறை ஃபோர்டைக் காத்தது வெற்றறையன்று, ஒரு வழிப்போக்கரின் கை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து இதே காட்சி மீண்டது. 2022 செப்டம்பர் 1 இரவு, புவெனஸ் ஐரிஸ் நகரில் அர்ஜென்டினாவின் துணைக் குடியரசுத் தலைவர் கிறிஸ்டினா கிர்ச்னர் தமது இல்லத்தின் முன் ஆதரவாளர்களிடையே நின்றார். ஒருவன் அவர் முகத்தருகே பெர்சா கைத்துப்பாக்கியை நீட்டி விசையை இழுத்தான். ஒன்றும் நேரவில்லை. மேகசினில் ஐந்து தோட்டாக்கள், சேம்பர் காலி. துப்பாக்கி சுடும் நிலையில் இருந்தது எனப் பரிசோதனை காட்டிற்று. தம்மை நோக்கித் துப்பாக்கி நீட்டப்பட்டதைக்கூடக் கிர்ச்னர் அப்போது உணரவில்லை. பின்னர் அவர் கடவுளுக்கும் கன்னி மரியாளுக்கும் நன்றி கூறினார். இம்முறை நோக்கத்தைப் பற்றி ஐயம் எழவில்லை. கொல்லவே எண்ணினேன் என்று அவன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான்.

மாபெரும் நிகழ்வுகளுக்கு மாபெரும் காரணங்களைத் தேடுவது நம் வழக்கம். 1975இல் ஃபோர்டு வீழ்ந்திருந்தால், மக்கள் வாக்கால் துணைத் தலைவராகாத நெல்சன் ராக்ஃபெல்லர் அமெரிக்காவின் தலைவராகியிருப்பார். அது நேராமல் தடுத்தது கொள்கையுமன்று, காவற்படையின் பெருக்கமுமன்று; ஓர் எஃகு உறையை யாரோ பின்னிழுக்காதது, அல்லது இழுத்துத் தோட்டாவை எடுத்துவிட்டது.

ஃப்ரோம் 2009இல் விடுதலையானார். அவருடைய துப்பாக்கி இன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், ஃபோர்டின் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுது ஏதும் இல்லாத துப்பாக்கி அது.