மலைக்கு முன்னால் ஹோப்டவுன்

அந்தமானுக்குக் கப்பலில் வருகிறவர்களுக்கு எங்கள் மணிப்பூர் மலை அரை நாள் வேலைதான். சென்னையில் ஏறி மூன்று இரவு கடலில் கழித்து வருகிறவர்களும் சரி, எப்போதாவது ஹாடோ துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும் நின்றுபோகும் வெளிநாட்டுச் சொகுசுக் கப்பல்காரர்களும் சரி, சாத்தம் துறையில் ஃபெர்ரி ஏறினால் கால் மணி நேரத்தில் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் இறங்கிவிடுவார்கள். தரைவழியாகச் சுற்றி வந்தால் ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு ஆகும். ஜெட்டியில் ஜீப் பேசுவார்கள், மேலே போய்ப் படம் எடுப்பார்கள், அடுத்த ஃபெர்ரியைப் பிடிப்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போவதுதான் என் பிழைப்பு. அப்பா ராமநாதபுரத்திலிருந்து காட்டுவேலைக்கு என்று இங்கே வந்தவர். நான் இந்த ஜெட்டிக்கு எதிரிலேயே வளர்ந்தவன்.

வண்டியில் உட்கார்ந்ததும், "அண்ணே, மேல போக எவ்வளவு நேரம்?" என்று கேட்பார்கள். நான் நேராக மேலே போவதில்லை. கடலோரச் சாலையில் ஹோப்டவுன் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, ஐந்து நிமிஷம் இறங்கச் சொல்வேன். சிலர் முகம் சுளிப்பார்கள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது, தண்ணீரும் கரையும்தானே என்பார்கள். ஆனால் இந்த மலைக்குக் கப்பலில் வந்து ஏறிய மிகப் பெரிய மனிதரின் கதை இந்தக் கரையில்தான் முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போய் நின்றால் அங்கே தெரிவது வெறும் காட்சிதான்.

1872 பிப்ரவரி 8. இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு, பர்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், கிளாஸ்கோ என்ற போர்க்கப்பலில் இங்கே வந்தார். மனைவியும் கூட வந்திருந்தார். இங்கிருந்த கைதிக் குடியேற்றத்தில் கைதிகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அரசாங்க வேலை. பகல் முழுவதும் ராஸ் தீவு, வைப்பர் தீவு, சாத்தம் என்று பலத்த காவலோடு சுற்றினார். அந்தக் காவலுக்குக் காரணம் இருந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 1871 செப்டம்பரில், கல்கத்தாவில் தற்காலிகத் தலைமை நீதிபதி ஜான் பாக்ஸ்டன் நார்மன் நீதிமன்ற வாசலிலேயே கத்தியால் குத்தப்பட்டு இறந்திருந்தார்.

அன்றைய வேலை முடிந்தபோது மாலை ஐந்து மணி. வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருந்தது. மலைமேல் உடல்நலம் தேறும் விடுதி ஒன்று அமைக்கலாம் என்ற யோசனை அவருக்கு இருந்தது. கூடவே, மேலேயிருந்து சூரியன் மறைவதைப் பார்க்கும் ஆசையும். இன்றைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் திட்டத்தில் இல்லாத ஓர் இடத்தைக் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொள்வது மாதிரியே அவரும் முடிவு செய்தார். படகு ஹோப்டவுனில் வந்து நின்றது. மட்டக் குதிரை ஒன்றுதான் இருந்தது. கொஞ்ச தூரம் அதில் போய்விட்டு இறங்கி, கூட வந்தவர்களை ஏறச் சொல்லி நடந்தார். உச்சியில் பத்து நிமிஷம்போல உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையை 1875-இல் எழுதிய டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறார்.

இறங்கும்போது இருட்டிவிட்டது. கீழேயிருந்து தீவட்டிகளோடு ஆட்கள் எதிரே வந்தார்கள். ஏழு மணிக்கு ஜெட்டி. படகு தயாராக நிற்கிறது, தூரத்தில் கிளாஸ்கோவின் விளக்குகள் எரிகின்றன, கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள். படகில் இறங்க மற்றவர்களைவிட ஓரடி முந்தினார் மேயோ. இருட்டிலிருந்து ஒருவன் பாய்ந்து அவர் முதுகில் இரண்டு முறை குத்தினான். ஜெட்டியிலிருந்து ஆழமில்லாத தண்ணீரில் விழுந்தவர் தானே எழுந்து நின்றார். தூக்கி, அங்கே நின்ற ஒரு வண்டியின்மேல் உட்காரவைத்தார்கள். சில நிமிஷங்களில் உயிர் போய்விட்டது. இந்தியாவை ஆண்ட வைஸ்ராய்களில் பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

குத்தியவர் ஷேர் அலி அஃப்ரிடி. ஆப்கன் எல்லைப்புறத்துப் பட்டாணியர். பெஷாவரில் ஆங்கிலேய அதிகாரிகளிடமே குதிரைச் சேவகராக இருந்தவர். குடும்பப் பகையில் உறவினர் ஒருவரைக் கொன்றதாக 1867-இல் மரண தண்டனை விதித்து, பிறகு அதை ஆயுள் தண்டனையாக்கி இங்கே அனுப்பினார்கள். நன்னடத்தைக் கைதி என்பதால் ஹோப்டவுனில் வைத்து, நாவிதர் வேலை செய்யவும் அனுமதித்திருந்தார்கள். அன்று பகலெல்லாம் வைஸ்ராயை நெருங்க வழி தேடியும் கிடைக்கவில்லை. இனி முடியாது என்று விட்டுவிட்ட நேரத்தில் வைஸ்ராயே அவர் இருக்கும் இடத்துக்கு வந்து இறங்கினார். 1872 மார்ச் 11 அன்று ஷேர் அலியை வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள்.

இதைக் கேட்டதும் வண்டியில் இருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஷேர் அலி தியாகியா, கொலைகாரரா என்று வாதம் மலையுச்சிவரை ஓடும். நான் நடுவில் புகுவதில்லை. என் மனசு இன்னொரு விஷயத்தில் நிற்கும். அந்தத் தீவட்டிகளைப் பிடித்து வந்தவர்கள் யார்? அந்தப் பாதையை வெட்டியவர்கள் யார்? ஹோப்டவுன் என்பதே கைதிகளின் ஊர். வைஸ்ராய் ஏறிய பாதையும் இறங்கிய ஜெட்டியும் அவர்கள் உழைப்பில் வந்தவை. அவர்களில் ஷேர் அலி ஒருவர் பெயரை மட்டும் உலகம் வைத்திருக்கிறது, அதுவும் அவர் கத்தி எடுத்ததால்.

1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு செமிராமிஸ் கப்பலில் வந்து இந்தக் கைதிக் குடியேற்றத்தைத் தொடங்கினார். முதல் வேலை காடு வெட்டுவது. காய்ச்சலில் செத்தவர்கள் ஒருபுறம். தப்பியோடிப் பிடிபட்டவர்களில் 80-க்கும் மேற்பட்டவர்களை வாக்கர் தூக்கில் போட்டார். அவர்கள் வெட்டிய காடு வெறும் காடும் அல்ல. இந்தத் துறைமுகத்தைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் ஆக்கா-பியா என்ற அந்தமானியக் குடியினருடையது. 1877-இல் தட்டம்மை அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முடிவதற்குள் அந்த மொழியைப் பேச ஒருவரும் இல்லாமல் போனார்கள். மலையின் பெயரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும். அவர்கள் இதை எப்படி அழைத்தார்கள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

பலகையில் முதலில் ஏறிய பெயர் ஹாரியட். 1862 முதல் 1864 வரை இங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி. சாதாரணப் பெண்மணி அல்ல. 1857-இல் டெல்லி முற்றுகையின்போது ஆங்கிலேயப் படை முகாமில் மாட்டுவண்டியில் பிள்ளை பெற்றவர். அந்தக் குழந்தைக்கு ‘டெல்லி ஃபோர்ஸ்’ என்பதையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். கலகம் அடங்கிய பிறகு கணவனும் மனைவியும் வட இந்திய நகரங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் எடுத்தார்கள். ஓவியமும் தீட்டுவார். டெல்லியில் தோற்றவர்களைக் கப்பலேற்றி அனுப்பிய தீவுக்கு, அதே டெல்லியை முற்றுகையிட்ட முகாமில் இருந்தவர் வந்து சேர்ந்தார். அவர் பெயரை மலைக்கு வைத்தார்கள். அந்த மலையடிவாரத்தில் வேலை செய்தவர்களில் 1857-இன் கைதிகளும் உண்டு.

உச்சியில் இருக்கும் இடிபாடு சீஃப் கமிஷனரின் கோடைக்கால பங்களா. மற்ற மாதங்களில் ராஸ் தீவு, வெயில் ஏறினால் இந்த மலை. சென்னை அரசாங்கம் கோடையில் ஊட்டிக்குப் போன வழக்கத்தின் சின்ன வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். உயரம் ஏறக்குறைய 1,200 அடிதான், அதனால் வெப்பம் இரண்டு மூன்று டிகிரிக்குமேல் குறையாது. ஆனால் காற்று உண்டு. கீழே சதுப்பில் அந்தக் காற்று கிடையாது. ஒரு குடும்பம் அந்தக் காற்றை வாங்க, தண்ணீர், அரிசி, நாற்காலி, கட்டில் என்று அத்தனையும் மலையேற வேண்டியிருந்தது.

இன்றைக்கு மிஞ்சியிருப்பது குறைவு. செடி மண்டிய அடித்தளம், படிகள், காரை உதிர்ந்து செங்கல் தெரியும் துண்டுச் சுவர். மழைக்காலத்தில் பாசி படிந்து எது கல், எது செங்கல் என்று தெரியாது. நான் வருகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: சுவரைப் பார்க்காதீர்கள், குனிந்து தரையைப் பாருங்கள். அடித்தளத்தின் ஓரமாக நடந்து பார்த்தால் அறைகளின் அளவு தெரியும். கடலைப் பார்த்த பக்கம் எது, மலையைப் பார்த்த பக்கம் எது என்று புரியும். கடலைப் பார்த்த பக்கம் நின்றால் ராஸ் தீவு நேரே கண்ணுக்குப் படும். ஆட்சி நடந்த இடம் அங்கே, ஓய்வெடுத்த இடம் இங்கே. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஹோப்டவுன் மரங்களுக்குக் கீழே மறைந்துவிடும்.

1891-இல் இந்த மலைக்கு வேறுவிதமான விருந்தாளிகள் வந்தார்கள். ஆங்கிலேயருடனான போரில் மணிப்பூர் தோற்ற பிறகு இளவரசர் டிகேந்திரஜித்தையும் தங்கால் ஜெனரலையும் ஆகஸ்ட் 13 அன்று இம்பாலில் தூக்கிலிட்டார்கள். அந்த நாளை மணிப்பூரில் தியாகிகள் நாளாக இன்றும் அனுசரிக்கிறார்கள். மகாராஜா குலச்சந்திர சிங்கையும் மேலும் 22 பேரையும் இங்கே நாடு கடத்தினார்கள். செல்லுலார் சிறை அப்போது கிடையாது. அதைக் கட்டத் தொடங்கியதே 1896-இல்தான். அதனால் மலையிலேயே வைத்தார்கள். 2021 அக்டோபரில் மத்திய அரசு மலைக்கு ‘மணிப்பூர் மலை’ என்று பெயர் மாற்றியதற்கு இதுதான் காரணம். நல்ல காரியம் என்பதே என் எண்ணம். ஆளவந்த அதிகாரியின் மனைவி பெயரைவிட, இங்கே அடைபட்டுக் கிடந்தவர்களின் ஊர்ப் பெயர் இந்த மலைக்குப் பொருத்தம். ஜெட்டியில் இன்னமும் பாதிப் பேர் ‘மவுண்ட் ஹாரியட்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். போர்ட் பிளேரை 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கிய பிறகும் வாயில் பழைய பெயர் வருவது மாதிரி.

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் யாரும் விடமாட்டார்கள். அதன் பின்பக்கத்தில் தென்னை மரங்களும் கடலும் கலங்கரை விளக்கமும் இருக்கின்றனவே, அது இந்த மலையிலிருந்து தெரியும் நார்த் பே. பர்ஸில் பத்திரமாக வைத்திருந்து, கையை நீட்டிப் பிடித்து, நோட்டையும் காட்சியையும் ஒன்றாக்கிப் படம் எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

உச்சியிலிருந்து காட்டுக்குள் ஒரு நடைபாதை காலாபத்தர் என்ற கரும்பாறைக்குப் போகிறது, இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். கைதிகளை அந்தப் பாறையிலிருந்து தள்ளிக் கொன்றார்கள் என்று ஊரில் சொல்வார்கள். எழுத்தில் நான் பார்த்ததில்லை, அதனால் ஊர்ப் பேச்சு என்று சொல்லித்தான் நானும் சொல்வேன். பாதையின் இருபக்கமும் குர்ஜன் மரங்கள் வானத்தை மறைத்து நிற்கும். அடிமரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். இந்த மரத்தையும் படாக் மரத்தையும் அறுக்கத்தான் 1883-இல் சாத்தத்தில் மரஅறுவை மில் வைத்தார்கள். அந்த மில்லைத் தாண்டித்தான் எல்லோரும் ஃபெர்ரி ஏறி வந்திருப்பார்கள்.

மலையடியில் இன்று இருப்பவர்களில் கைதிகளின் வாரிசுகள் உண்டு. ‘லோக்கல் பார்ன்’ என்று இங்கே சொல்வோம். 1921 கலகத்துக்குப் பிறகு மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளை முஸ்லிம்களின் பேரப்பிள்ளைகள் பாம்பூஃப்ளாட்டில் நிறையப் பேர். பிறகு பிழைப்புக்காக வந்த எங்களைப் போன்ற தமிழர்கள், வங்காளிகள், தெலுங்கர்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். தெருவில் எல்லோரும் இந்தியில் பேசிக்கொள்வோம். என் பக்கத்து வீட்டு மாப்பிள்ளைக் கிழவரை ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தாத்தா கைதியாக இறங்கியதும் என் அப்பா கூலியாக இறங்கியதும் இதே கரைப்பக்கம்தான். மேலே பங்களாவின் அடித்தளத்தைக் காட்ட அரசாங்கம் இருக்கிறது. கீழே இருப்பதை நாங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கரையும் பழைய கரை அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது, பிறகு சுனாமி வந்தது. கடலோரத்துத் தாழ்நிலங்களில் உப்புத் தண்ணீர் ஏறித் தங்கிவிட்டது. ஹோப்டவுனில் இறங்குகிறவர்களுக்கு அதையும் காட்டுவேன்: நீங்கள் நிற்கும் இடம் மேயோ காலத்து மட்டத்தில் இல்லை, கடல் இன்னும் நெருங்கி வந்திருக்கிறது.

ஆகவே கப்பலில் வருகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். காலையில் முதல் ஃபெர்ரிகளில் ஒன்றைப் பிடியுங்கள். ஹோப்டவுனில் இறங்கிக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிறகு மேலே வாருங்கள், பங்களாவின் ஓரமாக நடந்து பாருங்கள், நோட்டோடு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் கையில் இருந்தால் வைப்பர் தீவுக்குப் படகு ஏறுங்கள். உங்கள் கப்பல் ஒரே பகல்தான் நிற்கும் என்றால், காலாபத்தரை விட்டுவிடலாம், ஹோப்டவுனை விடாதீர்கள்.