கந்தைகள் கூறும் வரலாறு

வட ஜேர்மனியிலுள்ள நோய்மூன்ஸ்டர், துணியாலைகளுக்குப் பெயர்பெற்றிருந்த ஒரு நகரம். 1981ஆம் ஆண்டில் அந்நகரில் ஓர் ஆய்வுமாநாடு கூடிற்று. அங்கு ஆராயப்பட்டவை பொன்முடிகளல்ல, கல்வெட்டுகளுமல்ல. சேற்றிலிருந்தும் சவக்குழிகளிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் எடுக்கப்பட்ட பழந்துணிகளே. டென்மார்க்கைச் சேர்ந்த லீசெ பெண்டர் யோர்கன்சனும் ஜேர்மனியரான கிளவுஸ் டீடோவும் தொடக்கிவைத்த அக்கூட்டம், தொல்லியல் நெசவுப்பொருள்கள் பற்றிய வட ஐரோப்பியக் கருத்தரங்கு என்னும் பெயருடன் பின்னர் வளர்ந்தது. 1983இல் நோர்வேயின் பேர்கன் நகரிலும், 1990இல் கொப்பன்ஹேகனிலும், 2014இல் ஒஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் என்னும் உப்புச்சுரங்க ஊரிலும் அது கூடிற்று.

கையளவு கந்தையொன்றைப் பற்றிப் பேசுவதற்குப் பல நாட்டறிஞர் ஓரிடத்தில் கூடவேண்டுமா என வாசகர் வினவக்கூடும். நியாயமான வினாவே. அதற்கு விடை காணப் புகுமுன், நாம் பள்ளியிற் கற்றதும் இன்று கற்பிப்பதுமான ஒரு பாகுபாட்டை எண்ணிப் பார்ப்போம்.

கற்காலம், வெண்கலக்காலம், இரும்புக்காலம் என்று மனிதனின் பழைமையை மூன்றாக வகுக்கின்றோம். இப்பாகுபாட்டை நிலைநாட்டியவர் கொப்பன்ஹேகன் அரும்பொருட்சாலைப் பொறுப்பாளராயிருந்த தொம்சன். அவரது வழிகாட்டி நூல் 1836இல் வெளிவந்தது. அவர்முன் கிடந்தவை கல்லும் உலோகமும்; ஆதலால் காலங்களும் அவற்றின் பெயரைப் பெற்றன. இதிற் குற்றமில்லை. ஆனால், எஞ்சியிருப்பவையே முதன்மையானவை என்ற மயக்கம் இப்பெயர்களின் வழியே நம் மனத்திற் புகுந்துவிட்டது. வெண்கல வாள் எஞ்சியது. அவ்வாளை ஏந்தியவன் உடுத்திருந்த ஆடை மக்கிப்போயிற்று. வாளை வடித்த கொல்லன் வரலாற்றில் இடம்பெற்றான். ஆடையை நூற்று நெய்தவள் இடம்பெறவில்லை. நெசவுத்தொல்லியல் இம்மயக்கத்தைக் களைய முற்படும் துறையாகும்.

துணி மண்ணில் நெடுநாள் தங்குவதில்லை. விதிவிலக்கான சில இடங்களிலேயே அது பிழைக்கின்றது. டென்மார்க்கின் சதுப்புநிலங்களிலுள்ள புளிப்புநீர் சணலாடையைக் கரைத்துவிடும், கம்பளியைக் காக்கும். சுவிற்சர்லாந்தின் ஏரிக்கரைச் சேற்றிலோ சணல் நூலாடைகள் தப்பியுள்ளன. எகிப்தின் வறண்ட மணல் எல்லாவற்றையும் காக்கின்றது. செம்பு, வெள்ளி முதலிய உலோகங்களின் களிம்பு படிந்த துணியும் அழிவினின்று தப்பும். மொகஞ்சதாரோவில் வெள்ளிக் கலமொன்றோடு ஒட்டியிருந்த பருத்தித் துணுக்கு இவ்வாறு பிழைத்ததே. ஆகவே நமக்குக் கிடைப்பன யாவும் தற்செயலாகத் தப்பியவை என்பதை ஆய்வாளன் ஒருகணமும் மறத்தலாகாது.

1921ஆம் ஆண்டில் டென்மார்க்கின் எக்வெட் என்னும் ஊரில் ஒரு மண்மேட்டை அகழ்ந்தபோது, ஓக்கு மரத்தைக் குடைந்து செய்த சவப்பெட்டியொன்று வெளிப்பட்டது. கி.மு. 1370இல் வெட்டப்பட்ட மரம் அது. உள்ளே பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒரு பெண் கிடத்தப்பட்டிருந்தாள். அவளது எலும்புகள் கரைந்தொழிந்தன; கம்பளி ஆடையோ அழியாது நின்றது. குட்டையான மேற்சட்டை, கயிறுகளைத் தொங்கவிட்டாற்போன்ற பாவாடை, வெண்கல வட்டு பொருத்திய இடைக்கச்சை ஆகியவற்றை இன்றும் கொப்பன்ஹேகனிற் காணலாம்.

2015இல் கரின் பிரை என்னும் ஆய்வாளர், அப்பெண்ணின் பல், நகம், கூந்தல் என்பவற்றிலும் ஆடைக் கம்பளியிலும் உள்ள ஸ்ரொன்சியம் என்னும் மூலகத்தை அளந்து, அவள் டென்மார்க்கிற் பிறந்தவளல்லள் என்றும், ஆடைக்கான கம்பளியும் வெளியிடத்தது என்றும் முடிவு கூறினார். உலகப் பத்திரிகைகள் அதனைப் பறைசாற்றின. ஆனால் 2019இல் ஓகூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், வயல்களில் இக்காலத்தவர் இட்ட சுண்ணாம்பு நீரின் இயல்பை மாற்றியிருத்தலால் அவ்வொப்பீட்டின் அடிப்படையே ஐயத்துக்குரியது என மறுத்தனர். இவ்விவாதம் நமக்கு ஒரு பாடம். விஞ்ஞானக் கருவி தந்த எண் என்பதாலேயே அது வேதவாக்காகிவிடாது. எதனோடு ஒப்பிட்டு அவ்வெண்ணுக்குப் பொருள் கண்டோம் என்று கேட்கவேண்டும். இத்தகைய கேள்விகளை ஒருவர் முகத்துக்கு நேரே மற்றவர் எழுப்புவதற்கே ஆய்வுமாநாடுகள் வேண்டியிருக்கின்றன.

ஹால்ஸ்டாட்டின் கதை வேறு. அங்கே கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மலையைக் குடைந்து உப்பெடுத்தனர். சுரங்கத்தில் அவர்கள் விட்டுச்சென்ற நூற்றுக்கணக்கான துணித்துண்டுகளை உப்பு காத்துவைத்தது, நிறங்கூட மங்கவில்லை. நீலச் சாயமூட்டியவை, கட்டம் போட்டவை, நுண்ணிய கரை நெய்தவை என அவற்றுட் பலவகை உண்டு. நல்லாடையாய்ப் பிறந்து, உடுத்து நைந்து, தைத்து ஒட்டுப்போட்டு, இறுதியில் கட்டுத்துணியாகச் சுரங்கத்துக்குட் சென்றவை அவற்றுட் பல எனக் கருதப்படுகின்றது. துணி எத்துணை அருமையான பொருளாயிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? ஒரு பொருளை நூலாக நையும்வரை மனிதன் விடாது பற்றிக்கொள்கிறான் என்றால், அதனுள் அடங்கிய உழைப்பின் அளவை அவன் அறிவான் என்பதே பொருள்.

அவ்வுழைப்பை ஒரு கணக்கால் விளக்கலாம். வைக்கிங் மாலுமிகளின் வீரத்தைப் பாடாத நூல் ஐரோப்பாவில் இல்லை. அவர்தம் கப்பல்கள் சிலவற்றை 1962இல் றொஸ்கில்டே கடற்கழியிலிருந்து மீட்டனர். கப்பலின் பலகையை எல்லாரும் வியந்தனர். பாயை நினைத்தவர் சிலரே. அக்காலத்துப் பாய் பெரும்பாலும் கம்பளியாலானது. 90 சதுர மீற்றர் பரப்புள்ள ஒரு பாயை எடுத்துக்கொள்வோம். சென்ரிமீற்றருக்குப் பாவில் 10 இழையும் ஊடையில் 5 இழையும் எனக் கொண்டால், ஒரு சதுர மீற்றருக்கு 1,500 மீற்றர் நூல் வேண்டும். முழுப்பாய்க்கும் 135 கிலோமீற்றர். கையாற் சுழற்றும் கதிரில் மணிக்கு 50 மீற்றர் நூற்றலே நல்ல வேகம். அவ்வாறாயின் 2,700 மணி நேரம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓயாது நூற்றாலும் ஒருத்திக்கு 270 நாள் பிடிக்கும். ஆட்டின் மயிரைப் பறித்தலும், சீவலும், பாவோட்டலும், நெய்தலும், காற்றுப் புகாதவாறு கொழுப்புப் பூசலும் இக்கணக்கிற் சேரவில்லை. மாலுமிகளின் உடையும் போர்வையும் சேரவில்லை.

இக்கணக்கை நாம் வகுப்பில் மாணவரைக்கொண்டு செய்வித்தோம். விடை கண்டதும் பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, "அப்படியென்றால் கப்பலைக் கட்டியவர்கள் யார், சேர்?" எனக் கேட்டாள். நாம் எழுத எண்ணிய கட்டுரை முழுவதையும் அவ்வொரு வினா அடக்கிவிட்டது. கடலைக் கடந்தவன் பெயர் நிலைத்தது. அவனைக் கடலுக்கு அப்பால் உந்திய பாயை நூற்றவளின் பெயர் நிலைக்கவில்லை. வரலாற்றிலே பெண் இல்லாதிருந்தாளல்லள். அவளது உழைப்பை வரலாறாக எண்ணாதிருந்தவர் நாமே.

வட அத்திலாந்திக்குத் தீவுகளில் இவ்வுண்மை இன்னும் துலக்கமாகத் தெரிகின்றது. மத்தியகால ஐஸ்லாந்தில் வத்மால் என்னும் கம்பளித்துணி சட்டப்படி நாணயமாகவே வழங்கிற்று. விலையும் கடனும் துணியளவிற் கணக்கிடப்பட்டன. பெண்களின் தறியே அந்நாட்டின் நாணயசாலை எனலாம். கிறீன்லாந்தின் ஹெர்யோல்ஸ்நெஸ் தேவாலய இடுகாட்டை 1921இல் அகழ்ந்த போல் நோர்லுண்ட், பெட்டிக்கு வழியற்றோர் உடுத்த உடையாற் சுற்றிப் புதைக்கப்பட்டிருந்தமையைக் கண்டார். மத்தியகால ஐரோப்பியரின் உடையை அதுவரை பெரும்பாலும் தேவாலய ஓவியங்களிலும் பிரபுக்களின் சிலைகளிலுமே அறிந்திருந்தனர். சாதாரண மனிதன் அணிந்த அங்கியையும் தலைமூடியையும் கண்முன் நிறுத்தியவை அவ்வேழைகளின் பிணத்துணிகளே.

இத்துறையை வளர்த்தோருட் பெண்களே பலர் என்பதும் தற்செயலன்று. பிர்க்காவின் சவக்குழித் துணிகளை ஆராய்ந்து 1938இல் நூல் வெளியிட்ட அக்னெஸ் கையர், டென்மார்க்கின் பழந்துணிகளைப் பற்றி 1950இற் பேராய்வு எழுதிய மார்கிரேத ஹால்ட் ஆகியோர் முன்னோடிகள். ஆங்கிலேயரான கிரேஸ் குரோபுட் சூடானில் ஆட்சி அதிகாரியொருவரின் மனைவியாக வாழ்ந்தபோது அந்நாட்டுப் பெண்களிடம் நூற்கவும் நெய்யவும் கற்றார். அவ்வறிவைக்கொண்டே பின்னர் இங்கிலாந்தின் பழந்துணிகளை ஆராய்ந்தார். ஆளப்பட்ட நாட்டின் எழுத்தறியாப் பெண், ஆண்ட நாட்டின் பழைமையை வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள். ஆயினும் ஆசிரியை என்று அவளை உலகம் அழைக்கவில்லை.

நமது மண்ணுக்கு வருவோம். ஈரமும் வெப்பமும் மிக்க இந்நிலத்தில் பழந்துணி எஞ்சுதல் அரிது. ஆனால் நம்மவர் நெசவுக்குச் சான்றில்லாமற் போகவில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரியக் கடற்பயணநூல், அர்காரு என்னுமிடத்து மென்றுகிலைக் குறிப்பிடுகின்றது. அவ்விடம் உறையூர் என்பர் அறிஞர். இலங்கையின் விளைபொருள்களை எண்ணும் இடத்தும் முத்தோடும் மணியோடும் மென்றுகிலைச் சேர்க்கின்றது. செங்கடற் கரையிலுள்ள பெரனிகேயில் கிடைத்த பருத்தித்துணிகளை இங்கிலாந்தின் வைல்ட் தம்பதியர் ஆராய்ந்தனர். நூலை எகிப்தியர் ஒரு திசையிலும் இந்தியத் துணைக்கண்டத்தோர் எதிர்த்திசையிலும் முறுக்குவது வழக்கம். அம்முறுக்கைக்கொண்டே இத்துணிகளுட் பல இந்தியாவிலிருந்து சென்றவை எனத் துணிந்தனர். கப்பற்பாயின் துண்டுகளும் அவற்றுள் உண்டு. பெயரெழுதத் தெரியாத ஒருத்தி தன் விரல்களால் இட்ட முறுக்கு, ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் அவள் நாட்டைச் சொல்லுகின்றது. அதுவே அவளது கையொப்பம்.

பழைமை என்றவுடன் பெருமை பேசுதல் நமக்கு எளிதாகிவிட்டது. பாட்டனார் நெய்த துகிலின் மென்மையைப் போற்றுவோர், அதனை நெய்த கைகள் எத்தகைய குடிலில் வாழ்ந்தன, தாம் நெய்ததில் எதனை உடுத்தன என்று கேட்பதில்லை. இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளில் நம் பெண்பிள்ளைகள் உலகத்துக்கு உடை தைக்கின்றார்கள். அவ்வுடையின் கழுத்துப்பட்டியில் வியாபாரியின் பெயர் இருக்கின்றது. தைத்தவளின் பெயர் இல்லை. ஈராயிரம் ஆண்டு கழித்து ஒரு மாநாடு கூடி அவளது தையலை உருப்பெருக்கியின் கீழ் வைத்து அவளைக் கண்டுபிடிக்கும்வரை நாம் காத்திருக்கவேண்டுமா? கந்தையைப் படிக்கக் கற்றவர்கள், அதனை நெய்யும் கையை அது உயிரோடிருக்கும்போதே காணவும் கற்கவேண்டும். வரலாற்றுக் கல்வியின் பயன் அதுவென்றே நாம் கருதுகின்றோம்.